பருத்திக் காட்டுக்குள் பள்ளிக்கூடம் நடக்கிறது, தெரியுமா?

உலகத்தில் பருத்தி விளையும் நிலத்தையெல்லாம் சேர்த்து அளந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம் நாட்டில்தான் இருக்கிறது, தெரியுமா? சுமார் 60 லட்சம் விவசாயிகள் இதை நம்பி இருக்கிறார்கள். உலகில் பயிராகும் பருத்தி இனங்கள் நான்கே நான்கு. அந்த நான்கும் விளையும் ஒரே நாடு இந்தியா! ஆனால் ஒரு ஹெக்டேருக்கு நாம் எடுக்கும் பஞ்சு சமீப ஆண்டுகளில் 450 கிலோவை ஒட்டியே நிற்கிறது. உலகச் சராசரி 750 கிலோவுக்கு மேல். சீனாவில் 2,000 கிலோ அளவுக்கு எடுக்கிறார்கள். நம் பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வானம் பார்த்த மானாவாரி என்பது இதற்குப் பெரிய காரணம். மழையை நாம் வரவழைக்க முடியாது. ஆனால் செடியையும் பூச்சியையும் பார்க்கத் தெரிந்த கண்ணை உருவாக்க முடியும். அது எங்கெங்கே நடந்திருக்கிறது என்று தேடிப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை!

முதலில் எதிரியைப் பார்த்துவிடுவோம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு. குஜராத்தின் பரூச் பகுதிப் பருத்தியில் கண்ட இந்தப் புழுவுக்கு 1843லேயே அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள்! காய்ப்புழுவைக் கொல்லும் மரபணுவைப் புகுத்திய பிடி பருத்திக்கு 2002ல் அனுமதி கிடைத்ததும் காய்ப்புழுக்களின் கதை முடிந்தது என்றே பலரும் நம்பினார்கள். முடியவில்லை. முதல் தலைமுறை பிடி பருத்தியைத் தாங்கப் பழகிய இந்தப் புழு, 2014ஐ ஒட்டி குஜராத்தில் இரண்டாம் தலைமுறை பிடி பருத்தியையும் மீறிப் பெருகியது. அடுத்த சில ஆண்டுகளில் மகாராஷ்டிரம், தெலங்கானா என்று பரவியது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? முட்டையிலிருந்து வந்த குஞ்சுப்புழு சீக்கிரமே காய்க்குள் புகுந்துவிடும். காய் வளர வளர, புகுந்த துளையும் மூடிக்கொள்ளும். வெளியே பச்சைப் பசேலென்ற காய், உள்ளே புழு! அதற்குப் பிறகு எத்தனை டேங்க் மருந்து அடித்தாலும் அதன்மேல் படாது.

அதனால்தான் விவசாயிகளுக்கான பயிற்சியில் எண்ணச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆமாம், எண்ணுவது! ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைச் செயற்கையாகச் செய்து அதில் வைத்திருப்பார்கள். ஆண் பூச்சி தேடி வந்து மாட்டிக்கொள்ளும். காலையில் போய் எண்ண வேண்டும். ஒரு பொறிக்கு 8 பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால்தான் ஆபத்து. அதற்குக் கீழே இருந்தால் தெளிப்பானைத் தொடவே வேண்டாம்! அடுத்தது பூ. புழு உள்ளே இருந்தால், அது சுரக்கும் நூலே இதழ்களைக் கட்டிப்போட்டுவிடும். பூ விரியாமல் குவிந்தே நிற்கும். மூன்றாவது காய். காட்டின் பல மூலைகளிலிருந்தும் 20 பச்சைக் காய்களைப் பறித்து உடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு காயில் புழு இருந்தால் அப்போதுதான் மருந்து. ஒரு காலை நேரத்து வேலை, ஒரு தெளிப்பின் செலவையே மிச்சப்படுத்திவிடும்!

அதே வாசனையைக் காடு முழுக்கப் பரப்பினால் என்ன ஆகும் என்றும் யோசித்திருக்கிறார்கள். வாசனை ஊட்டிய சிறு கயிறுகளைச் செடிகளில் கட்டிவிடுகிறார்கள். எங்கு திரும்பினாலும் வாசனை; ஆண் பூச்சிக்கு உண்மையான பெண் பூச்சி எங்கே என்றே தெரியாது. இணை சேராமல் முட்டை ஏது? ஒருவர் மட்டும் கட்டினால் பக்கத்துக் காட்டில் இணை சேர்ந்த பூச்சி பறந்து வந்துவிடும். அதனால் ஊரே சேர்ந்து கட்ட வேண்டும். கயிறு விற்கிறவர் வாங்குகிறவர் என்ற இரண்டு பேரோடு முடிகிற காரியமில்லை இது. பயிற்சி தேவைப்படுவதே இந்த ஒற்றுமைக்காகத்தான் என்பேன்.

ஊர் கூடிச் செய்யும் இந்த யோசனை நம் பக்கத்தில் நூறு வருடம் பழையது, தெரியுமா? சென்னை மாகாணம் 1919லேயே பயிர்ப் பூச்சி நோய்த் தடுப்புக்குச் சட்டம் போட்டது. எடுப்பு முடிந்த பருத்தி மாரை, அதாவது நிற்கும் செடியை, குறித்த தேதிக்குள் பிடுங்கியாக வேண்டும் என்று அதன்கீழ் உத்தரவும் வந்தது. இன்றைக்கும் நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் விவசாயிகளிடம் கேட்பது அதையேதான்: கடைசிக் காய்க்கு ஆசைப்பட்டுச் செடியை நீட்டிக்காதீர்கள், டிசம்பரோடு முடித்துவிடுங்கள்!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். உழவர் வயல்வெளிப் பள்ளி. 1989ல் இந்தோனேசியாவின் நெல் வயல்களில் பிறந்த முறை இது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து 1999 முதல் 2004 வரை இந்தியா உட்பட ஆறு ஆசிய நாடுகளின் பருத்திக் காடுகளுக்கு அதைக் கொண்டுவந்தன. கரும்பலகை கிடையாது, மேடை கிடையாது! இருபது முப்பது விவசாயிகள் வாரம் ஒருமுறை, விதைப்பு முதல் அறுவடை வரை, காட்டுக்குள்ளேயே கூடுவார்கள். சின்னக் குழுக்களாகப் பிரிந்து செடி செடியாகப் பார்ப்பார்கள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பெரிய தாளில் படம் வரைவார்கள்: நடுவில் பருத்திச் செடி, ஒரு பக்கம் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, புழு, மறுபக்கம் பொறிவண்டு, சிலந்தி, குளவி. எது அதிகம் என்று பார்த்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவெடுப்பார்கள்.

அங்கே நடக்கும் பரிசோதனைகள் இன்னும் அற்புதம்! வலை கட்டிய புட்டியில் அசுவினியையும் பொறிவண்டையும் ஒன்றாக விட்டு, யார் யாரைத் தின்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிறார்கள். சில செடிகளில் வேண்டுமென்றே இலையையும் சப்பை என்கிற பூமொட்டையும் கிள்ளிவிட்டுக் காத்திருக்கிறார்கள். செடி புதிதாகச் சப்பை வைத்து இழப்பை ஈடுகட்டிவிடுகிறது! பருத்தி தான் வைக்கும் சப்பையிலும் பிஞ்சிலும் பாதிக்கு மேல் தானாகவே உதிர்த்துவிடும் பயிர். இது தெரியாதவர் தரையில் நாலு சப்பையைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடுவார். தெரிந்தவர் நின்று பார்ப்பார்.

ஒரு ஊரே இப்படி நின்று பார்த்த கதை உண்டு. பழைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் இருந்த புனுகுல. இப்போது தெலங்கானாவில் இருக்கிறது. மருந்தைக் கடனுக்குக் கொடுப்பவரே வட்டிக்கும் விடுவார். விளைந்த பருத்தியும் அவர் கைக்கே போகும். அந்தச் சுழலில் மூழ்கியிருந்த ஊர், 1999ல் சில பேரோடு ரசாயன மருந்தில்லாப் பூச்சி மேலாண்மையைத் தொடங்கியது. வேப்பங்கொட்டைக் கரைசல், பச்சை மிளகாய் பூண்டுக் கரைசல், மஞ்சள் ஒட்டுப்பொறி, வரப்போரம் ஆமணக்கு, பறவை உட்காரக் குச்சி. அவ்வளவுதான்! ஐந்தே ஆண்டுகளில் முழு ஊரும் ரசாயனப் பூச்சிமருந்தைக் கைவிட்டது. மருந்து வியாபாரிகள் ஊருக்குள் வரக்கூடாது என்று பஞ்சாயத்தே சொன்னது! அதற்குப் பிறகு ஆந்திராவில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாக இந்த முறை லட்சக்கணக்கான விவசாயிகளைச் சென்றடைந்தது. சொல்லிக்கொடுத்தவர்களில் நிறையப் பேர் விவசாயிகளே.

சொல்லிக்கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிய வேண்டும். 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்றும் கூடவே வந்தது, ஞாபகம் இருக்கிறதா? காட்டைச் சுற்றி அதை விதைத்தால் எதிர்ப்புச் சக்தி இல்லாத புழுக்கள் அதில் பிழைக்கும். எதிர்ப்புச் சக்தி பெற்றவற்றோடு அவை இணை சேர்ந்தால் அந்தச் சக்தி பரவுவது தாமதமாகும். காரணம் சரியாகச் சொல்லப்படாததால் பெரும்பாலோர் அதை விதைக்கவே இல்லை. 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் நடந்தது இன்னும் பெரிய துயரம். ஆள் உயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எதை எதோடு கலக்கக்கூடாது, காற்று எந்தப் பக்கம், முகத்தில் என்ன கட்ட வேண்டும் என்ற பாடம் அவர்கள் ஒவ்வொருவருக்கும் உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியது.

சொல்லிக்கொடுத்தால் மட்டுமே பலிக்கும் இன்னொன்று அடர் நடவு. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 90 செ.மீ.க்கு 60 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 7,500 செடி. அதையே 90க்கு 15 என்று நெருக்கினால் 30,000 செடி! ஒவ்வொன்றும் கொஞ்சம் காய்தான் பிடிக்கும், ஆனால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடிக்கும். பின்பருவத்தில் வரும் காய்ப்புழுவுக்குத் தங்க இடமே இருக்காது. 2023 முதல் எட்டு மாநிலங்களில் விவசாயிகளின் சொந்தக் காட்டிலேயே இதைச் செய்துகாட்டுகிறார்கள். செடி உயரமாகப் போகாமல் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தை எந்த நாளில் தெளிப்பது என்பதே இதன் உயிர்நாடி. அதைத் தவறவிட்டால் காடு வெறும் புதராகிவிடும். நேரம் தவறாமல் இருக்கத்தான் 2012லேயே மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் விவசாயிகளின் கைபேசிக்கு அவரவர் மொழியில் குரல் செய்தி அனுப்பத் தொடங்கியது.

கடைசியாக எடுப்பு. இந்தியாவில் பருத்தி எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்படியிருந்தும் பயிற்சிக் கூட்டங்களில் ஆண்களே நிறைந்திருப்பது எனக்கு ஏற்க முடியாதது. பஞ்சின் தரம் முடிவாவது இந்தப் பெண்களின் விரல் நுனியில்! பனி உலர்ந்த பிறகு எடுக்க வேண்டும், அடிக் காயிலிருந்து மேலே போக வேண்டும், சருகு ஒட்டாமல் சுளையை மட்டும் எடுக்க வேண்டும், கறைபட்ட கொட்டுப் பருத்தியைத் தனியே போட வேண்டும், தலைமுடி விழாமல் துணி கட்ட வேண்டும். எடுத்ததைப் பருத்தித் துணியில்தான் சேர்க்க வேண்டும், பிளாஸ்டிக் சாக்கில் கூடவே கூடாது. ஏன் தெரியுமா? சாக்கிலிருந்து பிரிந்த ஒரே ஒரு இழை ஜின்னிங் மில்லில் துண்டு துண்டாகிப் பஞ்சு முழுக்கக் கலந்துவிடும். நூலாகும்போதும் தெரியாது, நெய்யும்போதும் தெரியாது. சாயத்தில் முக்கி எடுக்கும்போது அந்த இழை மட்டும் நிறம் ஏறாமல் நிற்கும். மொத்தத் துணியும் கழிவாகிவிடும்!