நாட்காட்டி வழி இயற்கணிதம்

நாட்காட்டி வழி இயற்கணிதம் என்பது மாத நாட்காட்டியின் எண் அமைவுகளைக் கொண்டு மாறி, கோவை, முற்றொருமை ஆகியவற்றை அறிமுகப்படுத்தும் வகுப்பறைச் செயற்பாடு ஆகும். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியரும், 1993இல் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகத்தை அமைத்தவருமான பி. கே. சீனிவாசன் (1924–2005) நாட்காட்டி எண் விளையாட்டுகள் குறித்துத் தனி நூலே எழுதியுள்ளார்.

நாட்காட்டியில் அடுத்தடுத்த நான்கு கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றைத் தெரிவு செய்க. எடுத்துக்காட்டாக 5, 6, 12, 13. குறுக்காகப் பெருக்கினால் 6×12=72, 5×13=65; வேறுபாடு 7. எச்சதுரத்திலும் 7 தான் கிடைக்கும். முதல் எண்ணை அ எனக் கொண்டால் ஏனையவை அ+1, அ+7, அ+8 ஆகும்.

(அ+1)(அ+7) = அ²+8அ+7
அ(அ+8) = அ²+8அ

31 நாட்களே உள்ளமையால் எல்லாச் சதுரங்களையும் சரிபார்த்துவிடலாம், எழுத்து எதற்கு என மாணவர் வினவக்கூடும். அது நியாயமான வினாவே. வாரத்திற்கு வ நாட்கள் எனக் கொண்டால் வேறுபாடு வ ஆகும் என்பதைச் சரிபார்ப்பால் மட்டும் நிறுவ இயலாது.

இதே பெருக்கலை அட்டைத் துண்டுகளாலும் காட்டலாம்: ஒரு பெரிய சதுரம், எட்டுப் பட்டைகள், ஏழு சிறு சதுரங்கள் சேர்ந்து ஒரு செவ்வகமாகும். (அ+1)² என்பதை அ²+1 என எழுதும் மாணவர், விடுபட்ட இரு பட்டைகளின் வெற்றிடத்தைக் கண்ணாற் காண்பர். பட்டையின் நீளம் சிறு சதுரப் பக்கத்தின் முழு மடங்காக இருத்தலாகாது; இருப்பின் மாணவர் அளந்து பார்த்து, அ என்பதை நிலையான எண்ணாகக் கொள்வர்.

கடைகளில் வழங்கப்படும் சில நாட்காட்டிகளில் 30, 31 ஆகியன இடமின்மையால் முதல் வரிசையில் அச்சிடப்படுவதுண்டு. அக்கட்டங்களுக்கு இவ்விதி பொருந்தாது.