கொடி நடுமுன் காணி உறுதி

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலே, கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூர் என்றொரு ஊர் உண்டு. சுருளியாற்றங்கரையில் பழைய கோயில்களோடு அமைந்த பாண்டியர் காலத்து ஊர் அது. அங்கு கண்டெடுக்கப்பட்ட செப்பேடுகள், 10ஆம் நூற்றாண்டில் இராசசிம்ம பாண்டியன் ஓர் ஊரைத் தானமாக வழங்கியதைப் பதிவு செய்கின்றன. அம்மன்னன் பின்பு பராந்தக சோழனிடம் தோற்று, தன் முடியோடு இலங்கைக்கு ஓடிவந்தான். அவனும் ஓர் அகதியே! அரசு அழிந்தது, எழுதி வைத்த சாசனம் நிலைத்தது.

இப்பள்ளத்தாக்கு இன்று முந்திரிகைக்குப் பேர்பெற்றது. அங்கே அதைப் பன்னீர்த் திராட்சை என்பர். 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிப் பள்ளத்தாக்கிற்கு நீர் தந்தது. பழமாக உண்ணவும், இரசம், பழப்பாகு செய்யவும் ஏற்ற இப்பழம் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

நாமும் இதைப் பயிரிடலாமா? யாழ்ப்பாணத்தில் எம்மவர் பந்தலிட்டுப் பயிர் செய்து காட்டியுள்ளனர். கவாத்துச் செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். பூக்கும் காலத்து மழையும் ஈரமும் பூஞ்சண நோயைக் கொண்டுவரும். ஆகவே எமது திருகோணமலைப் பகுதியில் மாரி ஓய்ந்தபின், தை மாதக் கடைசியில் கவாத்துச் செய்வதே பொருந்தும்.

ஆனால் கத்தரியும் மிளகாயும் ஒரு போகத்துப் பயிர். முந்திரிகையோ பல்லாண்டுப் பயிர், பந்தலுக்கே பெருஞ்செலவாகும். அடுத்த ஆண்டும் இங்கிருப்போம் என்று நம்புகிறவனே கொடி நடுவான். பலமுறை இடம்பெயர்ந்த எமக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? அதன் முதற்படி காணிப் பத்திரமே.

ஓடும்போது உறுதியைத் தொலைத்தவர்கள் மனந்தளர வேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது சட்டம். காணியின் பெயர், உரிமையாளர் பெயர், எழுதப்பட்ட ஆண்டு ஆகியவற்றில் நினைவிலுள்ளதைக் குறித்துக்கொண்டு அங்கே சென்று தேடுங்கள். பதிவு கிடைத்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். முதியவர்கள் உயிரோடிருக்கையிலேயே எல்லைகளைக் கேட்டு எழுதி வையுங்கள்.

செப்பேடு மன்னர் செய்வித்தது. எமக்கு ஒரு தாள் போதும். அதைப் பத்திரப்படுத்திவிட்டுக் கொடியை நடுவோம்.