குறைமாதக் குழந்தைக்கு ஒரு மில்லிலிட்டர் பால் போதுமா?

கர்ப்பத்தின் 28 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தைகளை மிகக் குறைமாதக் குழந்தைகள் என்கிறோம். கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து ஆகியவை பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தையைச் சென்று சேர்கின்றன. அச்சேமிப்பு இல்லாமல் பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே ஊட்டம் தேவை. ஆயினும், உறிஞ்சி, விழுங்கி, இடையே மூச்சுவிடும் திறன் ஏறத்தாழ 32 முதல் 34 வாரங்களில்தான் கைகூடுகிறது.

எனவே நாங்கள் இரு வழிகளில் ஊட்டமளிக்கிறோம். குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், கொழுப்பு, தாது உப்புகள் ஆகியவற்றை இரத்தக் குழாய் வழியே செலுத்துகிறோம். அத்துடன், மெல்லிய குழாய் மூலம் இரைப்பைக்குச் சிறிதளவு தாய்ப்பால் தருகிறோம். தொடக்கத்தில் இதன் அளவு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மி.லி. மட்டுமே. 800 கிராம் எடையுள்ள குழந்தைக்கு இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை ஏறத்தாழ 1 மி.லி. கிடைக்கும்.

“இது எப்படிப் போதும்?” என்று பெற்றோர் கலங்குவது இயல்பே. உடலுக்கு வேண்டிய ஆற்றலை அப்போது இரத்தக் குழாய் வழி ஊட்டமே தருகிறது. இந்தச் சிறிதளவு பால் குடலைப் பக்குவப்படுத்துகிறது. மேலும், குறைமாதக் குழந்தைகளின் குடற்சுவரைச் சிதைத்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும் குடல் அழற்சி நோய், புட்டிப்பால் மாவு பெறும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது. தாய்ப்பால் போதாதபோது, தாய்ப்பால் வங்கியில் பதப்படுத்திய பாலை நாடுகிறோம்.

வயிறு உப்பினாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ பாலை நிறுத்திப் பரிசோதிப்போம். குடல் சீராக இருப்பது உறுதியானதும் மீண்டும் தொடங்குவோம். பாலின் அளவு கூடக் கூட இரத்தக் குழாய் வழி ஊட்டத்தைக் குறைப்போம். பின்னர் தாய்ப்பாலுடன் ஊட்டச் செறிவூட்டியைச் சேர்ப்பதும் உண்டு. அதனால் தாயின் பாலில் குறை என்று எண்ண வேண்டாம். கருப்பையில் வளரும் அதே வேகத்தில் வளர, குழந்தைக்குக் கூடுதல் புரதமும் தாதுக்களும் தேவைப்படுகின்றன.

பிறந்த முதல் சில நாட்களில் எடை குறைவதும் இயல்பானதே. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரங்களுக்குள் பிறப்பு எடையை மீண்டும் எட்டுகின்றன.

தாய்மாருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். பிரசவமான சில மணி நேரத்திற்குள் பால் பீய்ச்சத் தொடங்குங்கள். இரவு உட்பட நாளொன்றுக்கு எட்டு முறையேனும் தொடருங்கள். முதல் நாட்களில் சில சொட்டுகளே வந்தாலும், அந்தச் சீம்பாலைத் தயங்காமல் செவிலியரிடம் கொடுங்கள். சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் ஆகியவற்றைப் பெரியவர்கள் அன்போடு கொண்டுவந்தாலும் தர வேண்டாம். இவை நோய்த்தொற்றை உண்டாக்கக்கூடும். உடல்நிலை அனுமதிக்கும்போது குழந்தையை மார்போடு அணைத்து வைத்திருங்கள். அது பால் சுரப்பையும் பெருக்கும். இந்த ஊட்டப் பணியில் எங்களால் செய்ய இயலாத பங்கு உங்களுடையது.