நிர்மாணத் தளத்தில் தொழிலாளர் பாதுகாப்பு

"கட்டட நிர்மாணத் தளமொன்றில் மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகளை விளக்குக" என வினவப்படும்போது மாணவர் பலர் தலைக்கவசம், கையுறை, பாதுகாப்புக் காலணி என எழுதி முடித்துவிடுவர். இவை பிழையான விடைகளல்ல. ஆயினும் இவை கடைசிப் படியில் நிற்பவை.

முதலிற் கேட்க வேண்டியது, ஆபத்தையே இல்லாமற் செய்யலாமா என்பதாகும். உதாரணமாக, கூரைச் சட்டத்தை நிலத்தில் வைத்துப் பொருத்தி மேலே தூக்கினால் உயரத்திற் செய்யும் வேலை குறைகிறது. அது இயலாவிடின் சாரத்தின் விளிம்பிற் கைபிடிச் சட்டம் அமைத்து ஆளையும் ஆபத்தையும் பிரிக்க வேண்டும். அடுத்து வருபவை பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, மேற்பார்வை என்பன. இவற்றுக்குப் பின்னரும் எஞ்சும் ஆபத்துக்கே அணியும் சாதனங்கள். தலைக்கவசம், விழும் செங்கல்லின் தாக்கத்தைக் குறைக்குமேயன்றிச் செங்கல் விழுவதைத் தடுக்காது. சாரத் தட்டின் ஓரத்தில் நிறுத்தி வைக்கும் பலகையே அதைத் தடுக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1933 இல் தொடங்கி 1937 இல் முடிக்கப்பட்ட கோல்டன் கேற் பாலம் இதற்கு நல்ல உதாரணம். பெரிய பாலங்களில் 10 இலட்சம் டொலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என எதிர்பார்த்த காலம் அது. இங்கோ தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதோடு, வேலை நடக்கும் பகுதியின் கீழே வலையும் கட்டப்பட்டது. தவறி விழுந்த 19 பேர் அந்த வலையால் உயிர் தப்பினர். ஆனால் 1937 பெப்ரவரி 17 அன்று பல தொன் நிறையுடைய வேலை மேடையொன்று பிடி விட்டு விழ, வலை கிழிந்து 10 பேர் இறந்தனர். வலை மனிதரைத் தாங்கவே அமைக்கப்பட்டது, மேடையைத் தாங்கவல்ல. ஆகவே ஒவ்வொரு சாதனமும் எவ்வளவு சுமைக்கு உரியது என அறிந்திருப்பதும் முகாமைத்துவத்தின் கடமையாகும்.

உயரம் மட்டுமன்றி ஆழமும் ஆபத்தானது. ஒரு கன மீற்றர் மண்ணின் நிறை 1500 கிலோகிராமைத் தாண்டலாம். மார்பளவு புதைந்தவரின் தலை வெளியே இருந்தாலும் நெஞ்சு விரிய முடியாமையால் மூச்சு அடைபடும். அத்திவாரம் வெட்டும்போது தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதை நம் ஊர்களிலும் காணலாம் (உங்கள் வீட்டு வளவிலும் கண்டிருப்பீர்கள்). அச்சுமையே குழியின் பக்கத்தை உள்ளே தள்ளுகிறது. மண்ணைச் சற்று விலக்கிக் கொட்டுதல், பக்கங்களைச் சரிவாக வெட்டுதல் அல்லது பலகை வைத்து முட்டுக்கொடுத்தல், ஏறி வர ஏணி வைத்தல் ஆகியன அவசியம். மழைக்குப் பின் பரிசோதிக்காமல் எவரையும் உள்ளே இறக்கக் கூடாது.

இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் கட்டட வேலைகளையும் தழுவுகின்றன. வேலையின்போது காயமுற்றவருக்கு நட்டஈடு வழங்குவது பற்றிக் கூறுவது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். விடையெழுதும்போது இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் உளர். முன்னது விபத்தைத் தடுப்பதற்கு, பின்னது விபத்து நடந்த பின்னர் உதவுவதற்கு.