பெருந்தமனி பெரிதாகிவிட்டதா? அச்சத்தையும் அளந்து பார்ப்போம்



ஆல்பர்ட் ஐன்ஸ்டைனை உங்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால், அவர் வாழ்வின் கடைசி ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக, வயிற்றில் வீங்கிப்போன ஓர் இரத்தக் குழாயோடு வாழ்ந்தார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1948 டிசம்பரில் நியூயார்க்கில் ருடால்ஃப் நிசென் என்ற அறுவை மருத்துவர் அவருடைய வயிற்றைத் திறந்து பார்த்தார். உடலின் மிகப் பெரிய தமனியான பெருந்தமனி அங்கே பலூன் போல் புடைத்திருந்தது. பழுதான குழாயை வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தும் முறை அப்போது இல்லை. அதனால் நிசென் அந்த வீக்கத்தைச் சுற்றி செலோஃபேன் தாளைப் போர்த்தினார். செலோஃபேன் உறுத்துவதால் அதைச் சுற்றித் தழும்புத் திசு வளரும். அது சுவருக்குப் பலம் தரும் என்பது அக்கால மருத்துவர்களின் கணக்கு.

தமக்குள் இருப்பது என்னவென்று தெரிந்துகொண்டே ஐன்ஸ்டைன் வேலைக்குத் திரும்பினார். 1955 ஏப்ரல் 11-இல் அணு ஆயுதங்களுக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 18-இல், அந்த வீக்கம் வெடித்து 76-ஆம் வயதில் காலமானார். கடைசி நாள்களில் மருத்துவமனைப் படுக்கையிலும் தம் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. ஆயினும், "உங்கள் அயோர்ட்டா கொஞ்சம் பெரிதாக இருக்கிறது" என்று மருத்துவர் சொல்லும்போது ஒரு குடும்பத்துக்கு வரும் அச்சம் மாறவில்லை. உங்கள் அப்பாவோ, சித்தியோ, ஏன், நீங்களேகூட இப்படிப்பட்ட செய்தியைக் கேட்டிருக்கலாம். அந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கும் அறிவியலைத் தெரிந்துகொண்டால், எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

பெருந்தமனி என்ன செய்கிறது?

இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் குழாய்தான் பெருந்தமனி. மேலே ஏறி, கைத்தடியின் பிடி போல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்குகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். நம் நாட்டு 20 சென் நாணயத்தின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இருக்கும். ஆளின் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இந்த அளவு சற்றுக் கூடும், குறையும்.

இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் பெருந்தமனி சற்று விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில் அது மீண்டும் சுருங்கி இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இதற்குக் காரணம் அதன் சுவரில் உள்ள எலாஸ்டின் என்ற மீள்தன்மை கொண்ட புரதம். இந்தப் புரதத்தின் பெரும்பகுதியை உடல் சிறு வயதிலேயே உண்டாக்கிவிடுகிறது. பிறகு அது தேய்ந்தால் எளிதில் ஈடுகட்ட முடியாது.

வயது, நீண்ட நாள் உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல் ஆகியவை இந்தச் சுவரைத் தளரச் செய்கின்றன. சிலருக்குக் காரணம் மரபணுவிலேயே இருக்கும். மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வு சிலருக்கு இரண்டு இதழ்களோடு அமைந்துவிடும். நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி இருக்கிறது. மார்ஃபான் நோய்க்குறி என்பது இன்னொன்று. ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு வரும் இதில், ஃபிப்ரில்லின் என்ற புரதத்துக்கான மரபணு மாறியிருக்கும். இத்தகையவர்களில் பலர் உயரமாக, நீண்ட கை கால் விரல்களோடு இருப்பார்கள். வகுப்பில் உயரமான நண்பரைப் பார்த்து உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். உயரமானவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது.

ஒரு சிறு கணக்கு

சைக்கிள் டியூப்பில் ஓரிடம் மட்டும் பலவீனமாகிப் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புடைத்த இடம்தான் மேலும் மேலும் புடைக்கும். இதை விளக்குவது லாப்லாஸ் விதி. உருளை வடிவக் குழாய்க்கு அதை எளிமையாக இப்படி எழுதலாம்:

சுவரின் இழுவிசை = அழுத்தம் × ஆரம்

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். அழுத்தத்தை இரத்த அழுத்தமானி காட்டும் மேல் எண்ணாகவும், ஆரத்தைச் சென்டிமீட்டரிலும் எடுத்துக்கொள்வோம்.

முதல் நிலை: விட்டம் 3 செ.மீ., அழுத்தம் 120. இழுவிசை 120 × 1.5 = 180.
இரண்டாம் நிலை: விட்டம் 4.5 செ.மீ., அழுத்தம் 150. இழுவிசை 150 × 2.25 = 337.5.
மூன்றாம் நிலை: விட்டம் அதே 4.5 செ.மீ., அழுத்தம் 120. இழுவிசை 120 × 2.25 = 270.

இரண்டாம் நிலையையும் மூன்றாம் நிலையையும் ஒப்பிடுங்கள். குழாயின் அகலம் மாறவே இல்லை. ஆனால், அழுத்தம் குறைந்ததால் சுவரின் மேல் விழும் சுமை 20 விழுக்காடு குறைந்துவிட்டது. ஆரத்தை நம்மால் குறைக்க முடியாது. அழுத்தத்தைக் குறைக்க முடியும். அச்சப்படும் மனத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு வேலை கிடைக்கிறது. மருத்துவர்கள் பீட்டா தடுப்பான் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

இதயத்தை ஒட்டிய பகுதி 4 சென்டிமீட்டரை எட்டினால், அதாவது மேசைப்பந்தின் அகலத்தை எட்டினால், பொதுவாக அது விரிந்திருக்கிறது என்பார்கள். பெரும்பாலோருக்கு 5.5 சென்டிமீட்டரை நெருங்கும்போதுதான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். மார்ஃபான் போன்ற நிலைகளிலும், குழாய் வேகமாக விரியும்போதும் அதற்கு முன்னதாகவே பேசுவார்கள். இடைப்பட்ட காலத்தில் நடப்பது கண்காணிப்பு: எக்கோ, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பார்ப்பது. பலருக்கு இந்த வளர்ச்சி மிக மெதுவானது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும்.

போன ஆண்டு 4.1, இந்த ஆண்டு 4.2 என்று அறிக்கை வந்தால் வீட்டில் எல்லோரும் கலங்கிவிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் படித்த அளவீட்டுப் பிழையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே பென்சிலை நான்கு பேர் அளந்தால் நான்கு விடைகள் வருவதில்லையா? ஸ்கேனிலும் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு அளக்கும் இடம், கருவி, அளப்பவர் ஆகியவற்றால் வரலாம். ஆகவே, ஒரு தனி எண்ணைவிட பல ஆண்டு எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதே சரி. எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுவது மிகவும் உதவும்.

தம் இதயத்தையே சரிசெய்த பொறியாளர்

இங்கிலாந்தைச் சேர்ந்த டால் கோல்ஸ்வொர்தி ஒரு பொறியாளர். மார்ஃபான் நோய்க்குறி உள்ளவர். அவருடைய பெருந்தமனியின் அடிப்பகுதி விரிந்துகொண்டே வந்தது. அப்போதிருந்த வழக்கமான சிகிச்சையில் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, செயற்கைக் குழாயையும் உலோக வால்வையும் பொருத்துவார்கள். அதன் பிறகு இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் பொறியாளராக யோசித்தார். மெல்லிய டியூப்பை வெளியே இருக்கும் டயர் தாங்குவது போல், தமனிக்கு வெளியே ஓர் உறை போட்டால் என்ன? டாம் டிரெஷர், ஜான் பெப்பர் ஆகிய அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து திட்டம் வகுத்தார். முதலில் ஸ்கேன் படத்திலிருந்து தம் தமனியின் வடிவத்தைக் கணினியில் உருவாக்கினார்கள். பிறகு அதே அளவில் மாதிரியைச் செய்து, அதன் மேல் மெல்லிய பாலியெஸ்டர் வலையால் உறை தைத்தார்கள். 2004 மே மாதம் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் அந்த உறை அவருக்குப் பொருத்தப்பட்டது. உலகிலேயே முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகு பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் இந்தச் சிகிச்சையைப் பெற்றுள்ளனர்.

1948-இல் செலோஃபேன் தாள். 2004-இல் அளவெடுத்துத் தைத்த வலை. இரண்டும் ஒரே எண்ணம்தான். இடைப்பட்ட ஐம்பத்தாறு ஆண்டுகளில் துல்லியம் வளர்ந்திருக்கிறது. இந்த உறை எல்லாருக்கும் ஏற்றதன்று. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவக் குழுதான் முடிவுசெய்யும். நம் நாட்டில் 1992-இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகம் உள்ளிட்ட இருதய மையங்களில் பெருந்தமனி அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

அன்றாட வாழ்வில்

பெருந்தமனி விரிந்தவர் படுக்கையிலேயே கிடக்க வேண்டியதில்லை. மெங்குவாங் அணைப் பக்கம் காலையில் நடப்பது போன்ற மிதமான உடற்பயிற்சி பெரும்பாலோருக்கு நல்லது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமானதைத் தூக்குவதுதான் ஆபத்து. அப்போது இரத்த அழுத்தம் சில விநாடிகளுக்கு 200-ஐயும் தாண்டிவிடும். நிரம்பிய சமையல் எரிவாயு கலனைத் தூக்குவதை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம். தைப்பூசத்துக்கு நேர்த்தி வைத்திருந்தால், கனமான காவடிக்குப் பதில் பால்குடம் ஏந்தலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. பள்ளி விளையாட்டுக் குழுவில் இருக்கும் மாணவரும் இதே போல் கேட்க வேண்டும்.

ஊறுகாய், கருவாடு, உடனடி மீ ஆகியவற்றில் உப்பு அதிகம். அளவைக் குறைக்க வேண்டும். புகை அறவே கூடாது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், "எனக்குப் பெருந்தமனி விரிந்திருக்கிறது" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஃபுளோரோகுயினலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இத்தகையவர்களுக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது.

இன்னொன்று, குடும்பத்தாரின் பரிசோதனை. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை ஃபுளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். தமக்கு மார்ஃபான் இருந்தது அவருக்கே தெரியாது. அவருடைய மறைவுக்குப் பிறகுதான் உடன்பிறந்தவரைப் பரிசோதித்து, அவருக்கும் அதே நோய் இருப்பதைக் கண்டு சிகிச்சை அளித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு மார்ஃபான் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஓர் எக்கோ பரிசோதனை வலியில்லாதது.

கவலை வந்தால்?

கவலைப்படும்போது அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கேட்டு மேலும் பயம் வருகிறது. இந்தச் சுழலை உடைக்கச் சில வழிகள்:

1. மூச்சை நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டாம்.
2. மனத்தில் எழும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நள்ளிரவில் கைப்பேசியில் தேடாமல் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடமே கேளுங்கள்.
3. இரத்த அழுத்தத்தை மருத்துவர் சொன்ன நேரத்தில் மட்டும் அளங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது பயத்தையே வளர்க்கும்.
4. வாய்விட்டுப் பேசுங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். சுகாதார அமைச்சின் 15555 மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

நெஞ்சிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று கிழிப்பது போன்ற கடும் வலி, மயக்கம், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு ஆகியவை வந்தால் காத்திருக்கவே கூடாது. உடனே 999-ஐ அழைத்து, பெருந்தமனி விரிந்தவர் என்று சொல்ல வேண்டும். இந்த அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். எப்போது ஓட வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், மற்ற நேரத்தில் எல்லாரும் சற்று நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த வாரச் செயல்பாடு

நம் நாட்டில் பெரியவர்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்லி, இரத்த அழுத்தத்தை மூன்று முறை அளந்து சராசரியைக் கணக்கிடுங்கள். வீட்டில் கருவி இல்லையென்றால் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள்: விட்டம் 4.2 செ.மீ. உள்ள ஒருவருக்கு மேல் எண் 140-இலிருந்து 126-ஆகக் குறைந்தால், சுவரின் இழுவிசை எத்தனை விழுக்காடு குறையும்? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.