ஹெல்சிங்கி–டோக்கியோ: 9½ மணி நேரப் பயணம் 13 மணி நேரமான கதை

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு வான்வழித் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவன விமானங்கள் ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. அதன்பின் அதே பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாகிவிட்டது. காரணம், இடையில் கிடக்கும் ரஷ்யா.

தட்டையான உலக வரைபடத்தில் இந்த இரு ஊர்களுக்கும் இடையே கோடு போட்டால் அது கஜகஸ்தான் பக்கமாகப் போகும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தாலோ, அது வடக்கே வளைந்து சைபீரியா மீது படியும். அதுதான் உண்மையான குறுக்குவழி. இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்கள் ‘தூரம்’ என்று காட்டுவது இந்த நூலின் நீளத்தைத்தான். அதை விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் ‘பயண நேரம்’ வந்துவிடும். வான்வெளிக்கும் எல்லைகள் உண்டு என்பது அந்தக் கணக்கில் வராது.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட்டது. 2022 பிப்ரவரி 28 அன்று ரஷ்யா பதிலுக்கு, பின்லாந்து உள்பட 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. ஆசியாவுக்குக் குறுகிய வழி தங்களிடம் இருக்கிறது என்பதையே முதலாக வைத்துத் தொழில் நடத்திய ஃபின்ஏருக்கு இது பேரிடி.

எஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, தெற்கே இறங்கி மத்திய ஆசியா, சீனா வழியாகச் சுற்றுவது. மற்றது, வடதுருவத்தைத் தாண்டி, அலாஸ்காவை ஒட்டிய பெரிங் நீரிணை வழியாகப் பசிபிக்கில் இறங்குவது. துருவ வழியில் அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் மிகக் குறைவு. அதனால் அந்த விமானங்களில் கடுங்குளிர் உடைகளும் ஏற்றப்படுகின்றன.

துருவ வழி புதிதல்ல. சோவியத் காலத்திலும் சைபீரிய வான்வெளி எளிதில் கிடைக்காததால், ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் டோக்கியோ போயின. 1983இல் ஃபின்ஏர் டிசி-10 விமானத்தை எங்கும் நிறுத்தாமல் துருவம் வழியாக டோக்கியோவுக்குப் பறக்கவிட்டது. நாற்பது ஆண்டு முன்னேற்றத்தை ஒரு போர் அழித்து, பயணிகளை அந்தக் காலத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது என்பது வேதனையான உண்மை.

வழியைத் தேர்வதில் காற்றுக்கும் பங்குண்டு. ஜப்பான் மீது மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் உயர்வானக் காற்றோட்டம் மிகக் கடுமையானது. ஜப்பானிய நிறுவனங்களின் லண்டன் விமானங்கள் போகும்போது அலாஸ்கா, கிரீன்லாந்து பக்கம் சென்று எதிர்க்காற்றைத் தவிர்க்கின்றன. திரும்பும்போது மத்திய ஆசியா வழியாக வந்து அதே காற்றைத் துணையாக்கிக்கொள்கின்றன.

நேரம் கூடினால் எரிபொருள் கூடும். கூடுதல் எரிபொருளின் எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் செலவாகும். அந்தச் செலவு கடைசியில் பயணச்சீட்டில்தான் வந்து விழுகிறது. இந்தத் தடை இல்லாத சீன விமானங்களோ இன்றும் ரஷ்யா மீதே ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. ஆகவே, நீண்ட தூரப் பயணத்துக்குத் திட்டமிடுவோர் தூரக் கணிப்பானை நம்பி இணைப்பு விமானம் பிடிக்க வேண்டாம். நீங்கள் பறக்கப்போகும் நிறுவனத்தின் இப்போதைய கால அட்டவணையைப் பாருங்கள். அதில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படியே இருக்கும். ஹெல்சிங்கியைவிட டோக்கியோ குளிர்காலத்தில் 7 மணி நேரமும் கோடையில் 6 மணி நேரமும் முந்தியிருக்கும்.