ஆரணி வீட்டுக்கு டீஹியூமிடிஃபையர் தேவையா?

ஐப்பசி மழையில பீரோவுல இருக்கிற பட்டுப்புடவையில பூஞ்சை பிடிச்சா, நஷ்டம் ஆயிரக்கணக்கில. அதுக்காக வீடு முழுக்க ஈரம் உறிஞ்சும் மெஷினா? ஆரணி நெசவாளர் வீட்டுக்கு வேணாம்னுதான் சொல்வேன். காத்து ரொம்பக் காய்ஞ்சா தறியில பாவு இழை அறுந்து போகும். குழித்தறிக்குக் கொஞ்சம் ஈரம் தேவைங்க.

கூரை ஒழுகுதா, முதல்ல அதை அடைங்க. அப்புறம் புடவை அடுக்கின அறைக்கு மட்டும் சின்ன மெஷின். கதவு, ஜன்னலை மூடியே ஓட்டணும். 300 வாட் மெஷின் தினம் 8 மணி நேரம் ஓடினா 2.4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 144. ஏற்கெனவே 400 யூனிட் எரிக்கிற வீடுன்னா 500-ஐத் தாண்டிடும். தாண்டினா 101-லிருந்து 200 வரைக்குமான யூனிட் ரேட்டும் சேர்ந்து ஏறும்! அதனால ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி மாட்டுங்க. 60 சதவீதத்துக்கு மேல காட்டினா மட்டும் ஆன் பண்ணுங்க.